வயதைக் காட்டக் கொடுத்த தாள்

5 ஜூன் 1983, ஞாயிறு

வந்துவிட்டது, வந்துவிட்டது, முதல் பக்கத்தில், என் கட்டுரை, முழுசாக, ஒரு வரிகூட வெட்டாமல்!!!

காலையிலிருந்து மழை. புந்தோங் சாக்கடை நிரம்பி வாசல்வரை தண்ணீர். பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சைக்கிளில் டவுனுக்குப் போய், கேசட் கடை மாடியில் வாங்கி வந்தேன். நேயர் நட்பு வட்டத்தின் 'அலை மடல்', ஜூன் இதழ். சைக்ளோஸ்டைல் மை காயவில்லை. விரலெல்லாம் கறுப்பு. கழுவ மனசில்லை.

தலைப்பு: என் அக்கா தஞ்சோங் ரம்புத்தானில் இருந்த மூன்று மாதம். கீழே: தூறல், ஈப்போ.

தூறல் நான்தான். பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்றோடு நின்ற கலாவதி. தையல் ஃபேக்டரி, காலர் செக்‌ஷன். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதிப் பழகிய தமிழ். வட்டத்தில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஒரு புனைபெயர், ஒரு எண், அவ்வளவுதான். கடிதமெல்லாம் கடைக்கு வரும். எண் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். பேர் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அதை எழுத முடிந்தது.

எஸ்டேட்டில் இருந்தபோது பத்மா அக்கா தூங்காமல், சாப்பிடாமல், சுவரோடு பேசிக்கொண்டு. பிறகு தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரி. மூன்று மாதத்தில் நன்றாகித் திரும்பி வந்தாள். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள், அப்பா ஜாகா வேலை, காவல்காரர் வேலை, தேடி இங்கே வந்தார். அந்த மூன்று மாதத்தைப் பற்றி இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது அக்கா கோயில் மண்டபத்துத் தடிக்காவில் டீச்சர். பாலர் வகுப்பு, இருபத்தாறு வாண்டுகள். தெரிந்தால் ஒரு அம்மா பிள்ளையை விடுவாளா?

அக்காவிடம் மடலைக் காட்டவில்லை. காட்டுவேன். பிறகு.

கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ஓர் அறிவிப்பு. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு பெண், பதினைந்து வயதாம், பேனா நண்பரைப் பார்க்க பஸ் ஏறி ஈப்போ வந்துவிட்டாளாம். அவளுடைய அப்பா கடையில் வந்து சத்தம். ஆகவே இனி பதினெட்டு நிறைந்தவர்களுக்கு மட்டும் வட்டம். எல்லோரும் படிவம் நிரப்பி, அடையாள அட்டையான ஐ.சி.யின் போட்டோஸ்டேட் ஒட்டி அனுப்பவும். "வயது பார்த்தவுடன் தீயிலிடப்படும்."

எனக்குப் பதினெட்டு முடிந்து ஐந்து வாரம்! புது ஐ.சி. பளபளவென்று இருக்கிறது.


7 ஜூன், செவ்வாய்

வெயில். ஃபேக்டரி விட்டதும் போட்டோஸ்டேட் கடை.

படிவத்தில் கேட்டிருப்பது: உண்மைப் பெயர். அப்பா பெயர். ஐ.சி. எண். வீட்டு முகவரி. தொழில். புனைபெயர். இதுவரை மடலில் வந்த படைப்புகளின் தலைப்பு. பின்பக்கத்தில் ஐ.சி.

வயதுக்கு இத்தனையா?

கடைக்காரச் சீனத்தியிடம் ஒரு துண்டுக் காகிதம் கேட்டேன். ஐ.சி.யில் பெயரையும் முகவரியையும் மூடி வைத்தேன். முகமும் பிறந்த தேதியும் மட்டும் வெளியே.

"ஆமோய், ஏன் மூடுறே? போலீஸ் தேடுதா?"

"இல்ல ஆன்ட்டி. வயசு மட்டும்தான் கேக்கறாங்க."

"பிந்தார்லா," என்று சிரித்தாள். கெட்டிக்காரியாம்.

முகவரிக் கட்டத்தில் "கடையில் நேரில் பெற்றுக்கொள்வேன்" என்று எழுதினேன். படைப்புகள் கட்டத்தில் மட்டும் தலைப்பை முழுசாக, அழகான கையெழுத்தில். அதை எழுதாமல் இருக்க முடியுமா!


15 ஜூன், புதன்

நோன்பு ஆரம்பம். கேன்டீனில் மலாய்த் தோழிகள் இல்லை. பாதி மேசை காலி.

படிவம் திரும்பி வந்துவிட்டது. குறுக்கே சிவப்பில்: மறைத்த பிரதி ஏற்கப்படாது.

எண் சொல்லி வாங்கிய கையோடு கடையிலேயே நின்றேன். செயலாளர் செல்வமணி அண்ணனை அங்கேதான் பிடிக்க முடியும். கீழே கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பார். மாடியில் வட்டம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் நாலு பேனா. அவர் பேசினால் ரேடியோ மாதிரியே இருக்கும். ரொம்ப நாள் அவர் குரலுக்காகவே கீழே நின்று கேசட் தேடுவதுபோல் நடித்திருக்கிறேன்.

"என்னா தங்கச்சி, அட்ரஸ மறைச்சிட்டா நான் எப்படி நம்புறது?"

"வயசுதானே அண்ணே கேட்டீங்க. பொறந்த தேதி தெரியுதுல்ல?"

"தேதி தெரியுது. அது ஒன் தேதியா, பக்கத்து வீட்டு அக்கா தேதியான்னு தெரியணும்லா."

"மூஞ்சி இருக்கே."

"மூஞ்சிய வச்சு நான் என்னா ஜோசியமா பாக்கிறது?"

பின்னால் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"பாத்துட்டு தாள என்னா செய்வீங்க?"

மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துக் காட்டினார். அடியில் சாம்பல். "இதுலதான். நானே தீக்குச்சி கிழிப்பேன். தூறல் எழுதுனத நானே நாலு தடவ படிச்சவன். ஒன்னைக் காட்டிக் குடுப்பேனா?"

நாலு தடவை! அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. அவர் பேனாவை வாங்கி, அங்கேயே நின்று, வீட்டு எண், லோரோங் சந்தின் எண் எல்லாம் நிரப்பினேன். புது போட்டோஸ்டேட் ஒட்டினேன்.

வரும் வழியில் பசையின் வாசனை கையில். என்னவோ போல.


24 ஜூன், வெள்ளி

அட்டை வந்தது! மஞ்சள் நிறம், மேலே ஊதா முத்திரை: வயது உறுதி.

கூடவே ஏழு கடிதம். எல்லாம் என் கட்டுரைக்கு. தஞ்சோங் மாலிமிலிருந்து ஒருவர், புனைபெயர் மட்டும்: "என் தம்பியும் அங்கே இருந்தான். பதினோரு வருடம் ஆகிறது, வீட்டில் அவன் பெயரையே சொல்வதில்லை. உங்களைப் படித்த அன்று அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்."

பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். அம்மா கதவைத் தட்டி, "வயித்துப் போக்கா?"

பத்மா அக்கா வாசலில் பிள்ளைகளுக்காக அட்டையில் யானை வெட்டிக்கொண்டிருந்தாள். "யானைக்கு வாலு சின்னதா போச்சு, இல்ல?" என்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. யானை அழகாக இருக்கு என்றேன்.


3 ஜூலை, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மேரி சர்ச் முடிந்து வந்தாள். ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷின் அவள். இருவரும் பாடாங் திடல் பக்கம் நடந்தோம். கச்சாங் பூத்தே விற்கும் மாமா மூன்று சக்கர வண்டியோடு நின்றார். கடலை, முறுக்கு, பட்டாணி எல்லாம் எப்போதும்போல் கூம்பாகச் சுருட்டிய பழைய தாளில். மேரி தின்று முடித்துத் தாளை விரித்தாள்.

"ஏய் கலா, இங்க பாரேன். ஒரு ஆளு மீசைய வச்சுக்கிட்டு என்னை மொறைக்கிறான். கல்யாணத்துக்குக் கேக்கலாமா?"

ஐ.சி. போட்டோஸ்டேட். எண்ணெய் பட்டு முகம் பாதி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. திருப்பினேன். நேயர் நட்பு வட்டம். புனைபெயர்: பனித்துளி.

பனித்துளியோடு நான் இரண்டு வருடமாக எழுதிக்கொள்கிறேன். என் வயசுப் பெண் என்று நினைத்திருந்தேன். லாரி ஓட்டுநர், நாற்பத்தொன்று, மெங்லெம்புவில் வீடு. இது எனக்குத் தெரிந்திருக்கவே கூடாது. அவர் சொல்லாததை நான் கடலைத் தாளில் படித்துவிட்டேன்.

மாமாவின் வண்டியில் கம்பியில் குத்தி ஒரு கட்டு.

"மாமா, இந்தத் தாளு எங்க வாங்குனீங்க?"

"பழைய பேப்பர் கடைலதான். ஏன் பாப்பா? நல்ல தாளு. எண்ணெய் கீழ எறங்காது."

"எல்லாத்தையும் எனக்குக் குடுத்துருங்க."

"அப்புறம் கடலைய கையிலயா அள்ளிக் குடுக்கிறது?"

வீட்டுக்கு ஓடினேன். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த ரேடியோ நிகழ்ச்சித் தாள், பத்திரிகை, எல்லாவற்றையும் கட்டித் தூக்கி வந்து அவர் வண்டியில் போட்டேன். அதைத் தந்துவிட்டு இதை வாங்கிக்கொண்டேன். அவர் எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "ஒங்கிட்ட இருக்கிறதுதான் கனம் ஜாஸ்தி. சரி, எடுத்துக்க."

முப்பத்தெட்டுத் தாள். மேரியும் நானும் மரத்தடியில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்துப் புரட்டினோம். ஒன்றில் கண் நின்றுவிட்டது. பிறந்த ஆண்டைக் கணக்குப் பார்த்தால் பதினாலு வயது. அதிலும் ஊதா முத்திரை: வயது உறுதி.

என் தாள் இல்லை.

"மாமா, எங்கெல்லாம் வித்தீங்க?"

"எல்லா எடமும்தான். மார்க்கெட்டு, டாக்சி ஸ்டேண்டு. நேத்து கோயில் மண்டபத்துல சின்னப் புள்ளைங்களுக்கு ஸ்போர்ட்ஸ். அங்க நல்ல வியாபாரம்."

அக்காவின் தடிக்கா.

மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தின்னுட்டு கசக்கிப் போட்டுருப்பாங்க கலா. எவ படிப்பா?"

நீ படித்தாயே மேரி.


4 ஜூலை, திங்கள்

அரை நாள் லீவு. தலைவலி என்று சொல்லிவிட்டு கேசட் கடை.

மேசையில் பனித்துளியின் தாளை வைத்தேன், மறுபடி கூம்பாகவே சுருட்டி. செல்வமணி அண்ணன் கடலை வாங்கி வந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே கைவிட்டார்.

பிறகு விரித்தார். முகம் கொஞ்சம் மாறியது. கொஞ்சம்தான்.

"நான் எரிக்கத்தான் சொன்னேன். மொதலாளி இடம் அடைக்குதுன்னு பழைய பேப்பரோட தூக்கிப் போட்டுட்டாரு."

"நீங்களே தீக்குச்சி கிழிப்பேன்னு சொன்னீங்க."

"எரநூறு தாளுலா தங்கச்சி! ஒத்த ஆளு நான். பாட்டு பதியணும், மடல் அடிக்கணும்."

"பதினாலு வயசுப் புள்ளைக்கு முத்திரை குத்திருக்கீங்க."

சிகரெட்டைப் பற்ற வைத்தார். அந்தப் பிஸ்கட் தகரத்தில் சாம்பலைத் தட்டினார். அவ்வளவுதான் அந்தச் சாம்பல்.

"நீங்க ஒரு தாளயும் பாக்கல. இல்ல?"

"எங்க நேரம்? அந்த அப்பன் வந்து கத்துனான். போலீசுக்குப் போவேன்னான். நாங்க பரிசோதிக்கிறோம்னு காட்ட எதாவது வேணும்ல. கட்டம் காலியா இருந்தத மட்டும் திருப்பிட்டு, மீதிய மொத்தமா அடுக்கி வச்சு முத்திரை குத்திட்டேன்."

அப்படியானால் எதற்காக? என் வீட்டு எண், அப்பா பெயர், என் முகம். வயதுகூடப் பார்க்காமல்.

"என் தாளு எங்கண்ணே?"

"கச்சாங் பூத்தே பொட்டலத்தை எவன் தங்கச்சி படிக்கிறான்? நீ இத பெருசாக்காத. வெளிய தெரிஞ்சா வட்டம் போயிரும். தூறலும் போயிரும். எழுதறதுக்கு வேற எடம் இருக்கா ஒனக்கு?"

அதே ரேடியோக் குரல்தான். கீழே இறங்கும்போது படியில் கால் தடுக்கியது. யாரும் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.


6 ஜூலை, புதன்

பகல் முழுக்க மேகம், மழை இல்லை.

வேலை விட்டு வந்தபோது அக்கா அறையில். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில். அவள் மடியில் என் தாள். நான்காக மடித்த தடம், மேலே மஞ்சள் எண்ணெய்.

ஒரு பிள்ளையின் அம்மா கொண்டு வந்து தலைமை டீச்சரிடம் கொடுத்தாளாம். படைப்புகள் கட்டத்தில் என் அழகான கையெழுத்து. மேலே அப்பா பெயர், எங்கள் வீடு. அதற்குமேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. தலைமை டீச்சர் கத்தவில்லை, நாலு நாள் ரெஸ்ட் எடுங்க பத்மா என்றாளாம்.

"தூறல் யாரு?"

"நாந்தான் அக்கா."

"எழுதுனத எடு."

மடலை எடுத்துக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் திரும்பப் போய்ப் படித்தாள். நான் கதவோரம் நின்றேன். அடுப்படியில் அம்மா தாளிக்கும் சத்தம்.

"நல்லாதான் எழுதிருக்கே. அதான் எரிச்சலா இருக்கு."

"அக்கா, அந்த ஆளு எரிச்சிருவேன்னு சத்தியம் பண்ணாத கொறையா..."

"அவன விடு. அவன் யாரு எனக்கு? என் பேரு அவனுக்குத் தெரியுமா? எனக்கு அங்க மொட்ட அடிச்சது, நான் பாவாடைலயே போனது. இது ஒனக்கு மட்டும்தானே தெரியும்? ஒன்னைத்தானே ஆஸ்பத்திரிக்கு உள்ள விட்டேன். அம்மாவக்கூட விடல."

"பேரு போடலக்கா..."

"என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை.

"அவன் தாள பழைய பேப்பர் கடைல போட்டான் கலா. நீ என்னை எங்க போட்டே?"

அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். விளக்கைப் போடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரோடு பேசுகிறாளா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கேட்டதற்காக வெட்கமாக இருக்கிறது.


7 ஜூலை, வியாழன்

அக்கா காலையில் குளித்து, சேலை கட்டி, தடிக்காவுக்குக் கிளம்பிவிட்டாள். அம்மா வாசலை மறைத்தாள்.

"ரெஸ்ட்டுன்னு சொன்னாங்களேடி."

"எனக்கு ஒடம்பு நல்லாருக்கு. எதுக்கு ரெஸ்ட்டு?"

மத்தியானம் வந்தாள். இருபத்தாறில் ஒன்பது பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களோடு பாட்டுப் பாடினாளாம். ஒரு அம்மா மட்டும் கேட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம், முழு நேரமும். மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்று தலைமை டீச்சர். அதற்குப் பிறகு தெரியாது.

நான் போய் அவர்களிடம் சொல்கிறேன், அது கதை, கற்பனை என்று சொல்கிறேன் என்றேன்.

"ஒண்ணும் சொல்லாத. கேட்டா நான் சொல்லிக்குவேன். அது என் வாயி."

என்னோடு இன்று பேசியது அவ்வளவுதான்.


8 ஜூலை, வெள்ளி

முப்பத்தெட்டுத் தாளும் என் தலையணைக்கடியில். முப்பத்தெட்டு வீட்டு முகவரி. இதில் எத்தனை பேர் என்னென்ன எழுதியிருக்கிறார்கள்! ஒரு பெண் புருஷனைப் பற்றி. ஒருவர் எஸ்டேட் மேனேஜரைப் பற்றி. அந்தத் தலைப்புகள், அந்தந்த வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில். இன்னும் நூற்று அறுபது வெளியே.

வாங்க வேண்டியது: உறை, தபால் தலை, கார்பன் தாள்.

மேரி கேட்டாள், "அந்த அட்ரஸுக்கெல்லாம் நீ எழுதுனா, நீயும் அவன மாதிரிதானே?" அவரவர் தாளை அவரவருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன், எதையும் குறித்து வைக்க மாட்டேன் என்றேன். யோசித்து, உறையில் நாக்கு வைத்து ஒட்டத் தானும் வருவதாகச் சொன்னாள்.


9 ஜூலை, சனி

மழை விட்டு விட்டு. கடிதம் எழுதி முடித்தேன். அனுப்புவதற்கு முன் அக்கா முன்னால் வைத்தேன். அவள் யானைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா இது?"

"நீ படிச்சிட்டு சரின்னு சொன்னாதான் போவும்."

படித்தாள். பென்சிலை எடுத்து, "என் குடும்பத்துக்கு நேர்ந்தது" என்று நான் எழுதியிருந்த ஒன்பது வரியையும் அடித்தாள். அழகான வரிகள். பிறகு "பதினாலு வயசுப் புள்ளைக்கு இத அனுப்பாத. அவ அம்மாவ நேர்ல போய்ப் பாரு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மீதி இருப்பதை இங்கேயும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன்:

அன்பான வட்டத்து நேயர்களே, நான் தூறல். என் பெயர் கலாவதி. வயதைக் காட்ட நீங்கள் கொடுத்த தாள் எரிக்கப்படவில்லை, பார்க்கப்படவும் இல்லை. பழைய பேப்பர் கடைக்குப் போய், கடலைப் பொட்டலமாகி, ஈப்போ முழுக்கச் சுற்றுகிறது. இத்துடன் இருப்பது உங்கள் தாள். பெயரும் முகவரியும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டியிருந்தது, மன்னியுங்கள். பிரதி எடுக்கவில்லை. நோன்புப் பெருநாள் முடிந்து வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு கேசட் கடை வாசலுக்கு வாருங்கள். மீதித் தாள்கள் எங்கே என்று எல்லோரும் சேர்ந்து கேட்போம். முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம், ஒரு வரி எழுதிப் போடுங்கள், பெயர் தேவையில்லை. வட்டத்தில் வேறு யாரைத் தெரியுமோ அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். வெளியே கச்சாங் பூத்தே வாங்கினால் தின்றுவிட்டுத் தாளை விரித்துப் பாருங்கள். உள்ளே ஒருவர் முகம் இருந்தால், தயவுசெய்து அதற்குமேல் படிக்காதீர்கள். மடித்துக் கொண்டு வாருங்கள்.